வீணையைத் தொடர்வதா, உறையில் போட்டு வைப்பதா?

மாவட்டச் செயலகத்தைத் திருகோணமலையில் இன்றும் கச்சேரி என்றுதான் சொல்வோம். அந்தக் கணக்கில் நான் பதினெட்டு ஆண்டுகளாகக் கச்சேரிக்குப் போய்வருகிறேன். வீணைக் கச்சேரிதான் ஒன்றுகூடச் செய்ததில்லை.

38 வயதில் தொடங்கினேன். இப்போது 43. ஐந்து ஆண்டில் கைக்கு வந்தவை சரளி முதல் அலங்காரம் வரையான ஆரம்பப் பயிற்சிகள், சில கீதங்கள், ஒரு ஸ்வரஜதி, பிறகு மோகன இராகத்தில் ஒரு வர்ணம். அந்த வர்ணமும் முதலாம் காலத்தில், அதாவது மெதுவான வேகத்தில், மட்டும்தான் ஒழுங்காக வரும். அதன் இரட்டிப்பு வேகமான இரண்டாம் காலத்தில் க, ப, த, ச என்று ஏறுகிற இடத்தில், வலது கை போய்ச் சேர்ந்து சற்று நேரம் கழித்துத்தான் இடது கை வரும், புறப்பட்டுவிட்ட பஸ்ஸைத் துரத்துகிறவனைப் போல.

சென்ற ஆண்டு சங்கீத சபையின் பரீட்சை விண்ணப்பப் படிவத்தை ஆசிரியை கையில் தந்தார். அது எங்கள் மேசையில் பதினொரு நாள் கிடந்தது. "ஏனடி இந்தப் பாடு? விட்டுவிட்டு நிம்மதியாக இரு" என்றாள் மச்சாள். அவளுடைய மகன் வீணையை விட்டு வயலினுக்கு மாறி நன்றாக வாசிக்கிறான். அதனால் அவள் சொல்லுக்கு வீட்டில் மதிப்பு அதிகம். அந்தப் பதினொரு நாளில் என் முன்னால் இருந்த வழிகளை ஒவ்வொன்றாக எடைபோட்டேன். என்னைப் போல வேலைக்கும் குடும்பத்துக்கும் நடுவில் நடுவயதில் வாத்தியம் பழகுகிறவர்களுக்கு இதில் ஏதாவது உதவும் என்று நினைக்கிறேன். பிள்ளைகளின் கணக்கு வேறு.

முதலில் ஒரு காரணத்தைத் தராசிலிருந்து இறக்கிவிடுகிறேன். "நீங்களும் விட்டால் இந்தக் கலை என்ன ஆகும்?" என்று கேட்கிறவர்கள் எங்கள் ஊரில் உண்டு. ஒருகாலத்தில் இங்கே இந்துக் கல்லூரி அதிபராக இருந்த சுவாமி விபுலானந்தர், வழக்கொழிந்த யாழைப் பல்லாண்டுகள் ஆராய்ந்து 1947இல் யாழ்நூலை அரங்கேற்றினார். அந்தக் கதையைச் சொல்லியே என்னைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றிய உறவினரும் இருக்கிறார். யாழ் மறைந்ததற்கு நான் பொறுப்பல்ல. என் விரல் வலிக்குப் பாரம்பரியம் மருந்து போடப் போவதும் இல்லை. குற்றவுணர்ச்சியால் வீணையை எடுக்கிறவர்கள் அதன்மீது ஒரு துணியை விரித்து, சரஸ்வதி பூசைக்குப் பூ வைக்க மட்டும் வெளியே எடுப்பதை நான் சில வீடுகளில் பார்த்திருக்கிறேன்.

இனி வழிகளுக்கு வருவோம் என்று எழுதத் தொடங்கினால், ஆசிரியை சொன்னது குறுக்கே நிற்கிறது. படிவத்தைத் திருப்பிக் கொடுக்கலாமா என்று கேட்கப் போனபோது அவர் பதில் சொல்லவில்லை. "பிள்ளை, விடுவதா தொடர்வதா என்பதைப் பிறகு பார்ப்போம். முதலில் உன் வீணையைக் கொண்டுவா" என்றார். இந்த ஒப்பீட்டில் எனக்கு அதிகம் பயன்பட்டது அந்த வார்த்தைதான். ஆகவே அதைக் கொஞ்சம் விரித்தே சொல்ல வேண்டும்.

கம்பியை அழுத்தி வாசிக்கும் குறுக்குப் பட்டைகளைத்தான் மெட்டு என்கிறோம். வீணைக்கு 24 மெட்டுகள். ஒரு ஸ்தாயிக்கு, அதாவது ஒரு ஸட்ஜத்திலிருந்து அடுத்த மேல் ஸட்ஜம் வரை, பன்னிரண்டு வீதம் இரண்டு ஸ்தாயி. அந்த உலோக மெட்டுகள் மரத்தில் அறையப்பட்டவை அல்ல. தேன்மெழுகும் குங்கிலியமும் கரியும் கலந்த கறுப்பு மெழுகுக் கட்டின்மேல் பதிந்திருப்பவை. மெழுகு இளகினால் மெட்டு அசையும், தாழும். எங்கள் ஊரிலோ ஆண்டின் நடுப்பகுதி முழுவதும் கச்சான் காற்று. (சாப்பிடுகிற கச்சான் அல்ல. மேற்கே மலைகளைத் தாண்டிவந்து எங்கள் உதட்டை வெடிக்க வைக்கும் அனல்காற்று.) அது ஓய்ந்தால் வடகீழ்ப் பருவமழையும் கடலின் உப்பு ஈரமும். என் வீடு டைக் வீதிப் பக்கம். ஜன்னல் கம்பியே துருப்பிடிக்கிற இடத்தில் வாசிக்கும் முதல் கம்பியான சாரணி என்ன பாடுபடும்?

வீட்டிலேயே செய்து பார்க்கக்கூடிய சோதனை ஒன்றை ஆசிரியை காட்டினார். சாரணியை வெறுங்கம்பியாக மீட்டுங்கள். பிறகு அதே கம்பியைப் 12ஆம் மெட்டில் அழுத்தி மீட்டுங்கள். மேல் ஸட்ஜம் துல்லியமாக விழ வேண்டும். 7ஆம் மெட்டில் வருவது பஞ்சமம். பக்கத்தில் உள்ள பஞ்சமக் கம்பியோடு அது ஒத்துப்போக வேண்டும். அடுத்து ஆரம்பப் பாடங்களின் இராகமான மாயாமாளவகௌளையை 1, 4, 5, 7, 8, 11, 12 என்ற மெட்டுகளில் மெதுவாக ஏறி இறங்கிப் பாருங்கள். எங்காவது கம்பி கரகரத்தால் பக்கத்து மெட்டு உயர்ந்திருக்கிறது என்று பொருள். எங்காவது விரலை வழக்கத்தைவிட அழுத்த வேண்டியிருந்தால் அந்த மெட்டு தாழ்ந்திருக்கிறது.

என் வீணையில் 12ஆம் மெட்டு ஸட்ஜத்தை எட்டவில்லை. மேல் ஸ்தாயியில் இரண்டு மெட்டுகள் கரகரத்தன. க, ப, த, ச ஏறுகையில் நான் இரண்டு ஆண்டுகளாகத் திணறியது அந்தப் பகுதியில்தான்.

மட்டக்களப்புப் பக்கத்திலிருந்து வேறொரு வேலையாக வந்த ஒருவர் எங்கள் வீட்டு விறாந்தையில் இருந்து மெழுகுக்கட்டு மாற்றித் தந்தார். ஒரு முழுநாள் வேலை. பழைய மெழுகைச் சுரண்டி எடுத்தார். அது புகையிலைத் துண்டுகள்போலப் பாயில் குவிந்தது. புதிய மெழுகு இளகியிருக்கும்போதே ஒவ்வொரு மெட்டாக வைத்தார். கம்பியை மீட்டுவார், தலையைச் சாய்த்துக் கேட்பார், பெருவிரலால் ஒரு நெல்மணி அளவு தள்ளுவார், மறுபடி மீட்டுவார். இருபத்துநான்கு தடவை இதே. மத்தியானச் சோற்றுக்கு எழும்பியபோது பதின்மூன்று மெட்டுகள்தான் முடிந்திருந்தன. கருவி எதையும் அவர் வைத்துப் பார்க்கவில்லை. நான் கைபேசியில் சுருதிச் செயலியைத் திறந்து வைத்திருந்தேன். அது ஒருமுறை அவரோடு முரண்பட்டது. பிறகு பார்த்தால் என் கைபேசிதான் வேறு சுருதிக்கு வைக்கப்பட்டிருந்தது.

கம்பிகளும் மாறின. மறுநாள் வாசித்தபோது, என் குறைகள் என்று நான் எழுதி வைத்திருந்த ஐந்தில் இரண்டு காணாமல் போயின. மூன்று அப்படியே இருந்தன. அந்த மூன்றும் என்னுடையவைதான். ஆனால் அந்த இரண்டுக்காக நான் வாத்தியத்தையே விட்டிருப்பேன். ஆகவே எந்த வழியைத் தேர்ந்தாலும், மெட்டும் கம்பியும் சரியில்லாத வீணையை மடியில் வைத்துக்கொண்டு தேர்ந்துவிடாதீர்கள்.

சரி, வழிகள்.

பரீட்சைப் பாதையில் தொடர்வது முதலாவது. வட இலங்கைச் சங்கீத சபையின் தரப் பரீட்சைகள் வடக்கிலும் கிழக்கிலும் இசை பழகும் எல்லோருக்கும் தெரிந்தவை. தரம் தரமாக ஏறிப் போனால் முடிவில் கலாவித்தகர் பட்டம். எழுத்துப் பரீட்சையும் உண்டு, செயன்முறையும் உண்டு. இதன் நன்மையைக் குறைத்துச் சொல்ல மாட்டேன். நாள் குறித்துவிட்டால் மனிதன் சாதகம், அதாவது வாசிப்புப் பயிற்சி, செய்வான். முந்தைய தரத்துக்குத் தயாரான மூன்று மாதத்தில் நான் கற்றது, அதற்கு முந்தைய ஒரு வருடத்தில் கற்றதைவிட அதிகம். இசை ஆசிரியராக வர விரும்பும் பிள்ளைக்கோ, உயர்தரத்தில் கர்நாடக சங்கீதம் எடுத்து மட்டக்களப்பில் சுவாமி விபுலானந்த அழகியற் கற்கைகள் நிறுவகத்துக்குப் போக நினைக்கும் பிள்ளைக்கோ தரச் சான்றிதழும் அந்தப் பயிற்சியும் வீண்போகாது. நடுவயது எழுதுவினைஞருக்கு அந்தச் சான்றிதழால் ஆவது ஒன்றுமில்லை. பதவி உயர்வுக்கு அது புள்ளியாகாது.

ஆனால் பாடத்திட்டம் காத்திருக்காது. வர்ணத்தின் இரண்டாம் காலம் வராமலே அடுத்த உருப்படிக்குப் போக வேண்டிவரும். கட்டாத அத்திவாரத்தில் மேல்மாடி. பரீட்சை முடிந்த மறுமாதம் வீணை உறைக்குள் போய்விடுகிற கதையும் எங்கள் வகுப்பில் ஆண்டுக்கொரு முறை நடக்கும்.

வயலினுக்கு மாறுவது இரண்டாவது. இதைத்தான் எல்லோரும் பரிந்துரைத்தார்கள், காரணத்தோடுதான். வீணை ஏறத்தாழ நான்கு அடி நீளம், எட்டு ஒன்பது கிலோ எடை. குடப் பக்கத்தை உள்ளே வைத்து ஓட்டோவில் ஏறினால், மறுமுனையில் இருக்கும் யாளித்தலை வெளியே நிற்கும். 2009இல் கிண்ணியாப் பாலம் திறக்கும் முன்னர், மூதூர்ப் பக்கம் போகிறவர்கள் பாதையில் ஏறித்தான் துறை கடக்க வேண்டும். பாதை என்று நாங்கள் சொல்வது ஆளையும் வண்டியையும் ஏற்றிப்போகும் மிதவையை. அதில் வீணையோடு நின்ற ஒருவரை என் பெரியம்மா இன்றும் நினைவுகூர்வார். வீணையைவிட அவர் முகத்தில் இருந்த பயம்தான் பெரியம்மாவின் நினைவில் நிற்கிறது. வயலினோ அரைக் கிலோவுக்குச் சற்றுக் கூடவோ குறையவோ. பெட்டியில் போட்டுத் தோளில் மாட்டிக்கொண்டு கொழும்பு இரவு ரயிலில் ஏறலாம். கம்பியும் எளிதாகக் கிடைக்கும். மெழுகு இல்லை, மெட்டு இல்லை, கச்சானுக்குப் பயமில்லை. (பசை விட்டுப்போகும் பயம் உண்டு. அது வேறு கதை.) பாலுஸ்வாமி தீட்சிதர் (1786–1858) ஐரோப்பியரிடம் பழகிக் கர்நாடக இசைக்குள் கொண்டுவந்த வாத்தியம், இரண்டு நூற்றாண்டில் பாட்டுக் கச்சேரி மேடையில் வீணையை ஓரங்கட்டிவிட்டது என்றே சொல்லலாம். பக்கவாத்தியமாக வாசிக்க வாய்ப்பு வயலினுக்குத்தான் அதிகம்.

மச்சாளின் மகனுடைய பழைய வயலினை வாங்கி மூன்று வாரம் வைத்திருந்தேன். அதனால் துணிந்து எழுதுகிறேன். வீணையில் பழகிய தாளக் கணக்கும் ஸ்வர அறிவும் அப்படியே கூட வந்தன. கை மட்டும் வரவில்லை. வீணைக்காரிக்கு மெட்டு ஒரு ஊன்றுகோல். கண் பார்த்த இடத்தில் விரல் போனால் ஸ்வரம் நிச்சயம். வயலினில் இடம் என்று எதுவும் எழுதியிருக்காது. காதுதான் விரலுக்கு வழி சொல்ல வேண்டும், அதுவும் விரல் விழுவதற்கு முன்பே. வலக் கணுக்காலில் வயலினின் தலையை ஊன்றி இருக்கும் இருப்பு வேறு, வில் நேராக ஓடவேண்டிய ஓட்டம் வேறு. பிள்ளைகள் இதை விளையாட்டாகப் பிடித்துக்கொள்கிறார்கள். மச்சாளின் மகனுக்கு மாறும்போது பத்து வயது. அவனுக்கு அது சரியான முடிவு, இன்றும் அப்படித்தான் சொல்வேன். வீணைக் குடத்தை அணைக்க அவன் கை நீளமாக இருக்கவில்லை, காதோ கூர்மை.

எனக்குப் பொருந்தாததற்கு ஒரு சின்னக் காரணம்தான் தீர்ப்பளித்தது. நான் சாதகம் செய்வது இரவு ஒன்பது மணிக்குப் பிறகு. வயலின் வந்த இரண்டாம் நாள் பக்கத்து வீட்டு அம்மா ஜன்னலைச் சாத்தினார். வீணைக்கு அவர் ஐந்து ஆண்டில் ஒருநாளும் சாத்தியதில்லை. வீணையின் ஒலி தாழ்ந்தது. மேடையில் ஒலிவாங்கி இல்லாமல் அது பின்வரிசைக்கு எட்டாது. அதைக் குறை என்று சொல்வார்கள். பிள்ளை தூங்குகிற வீட்டில், அடுத்த அறைக்கு எட்டாத வாத்தியம்தான் எனக்கு வேண்டும்.

கீபோர்ட் மூன்றாவது. சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். சுருதி கலையாது, கம்பி அறாது, விரல் வலிக்காது, மெல்லிசைப் பாட்டு ஒரு மாதத்தில் வரும். ஆனால் ஒரு மெட்டில் இருந்தபடியே கம்பியைப் பக்கவாட்டில் இழுத்து இரண்டு மூன்று ஸ்வரம் மேலே போய்வருகிற வேலை, வீணையின் உயிரே அதுதான், அதில் இல்லை. கீபோர்டில் தோடி இராகம் வாசித்தால் எலும்பு மட்டும் வரும். அதனால் சந்தோஷமாக இருக்கிறவர்களை நான் குறைவாக எண்ணவில்லை. வாசிக்கவே வாசிக்காமல் இருப்பதைவிட அது மேல்.

கொஞ்ச நாள் நிறுத்திவைத்துப் பிறகு பார்ப்பது நான்காவது. கேட்பதற்கு மிக நியாயமாக இருக்கும் வழி இதுதான். ஆகவே இதைத்தான் நான் அதிகம் சந்தேகிக்கிறேன். இடது கைச் சுட்டுவிரலிலும் நடுவிரலிலும் நுனியில் கம்பி அறுத்த தழும்பு இருக்கும். முதல் ஆண்டில் தோல் கிழியும், எரியும், பிறகு காய்த்துப் போகும். என் சுட்டுவிரலைக் கைபேசியின் பூட்டு இப்போது அடையாளம் காண்பதில்லை. நான்கு தடவை மறுத்துவிட்டு இரகசிய இலக்கம் கேட்கும். அலுவலகத்தில் இதை ஒரு பதக்கம்போலக் காட்டித் திரிந்தேன். மாமி நோயாகப் படுத்த காலத்தில் இரண்டு மாதம் வீணையைத் தொடவில்லை. ஒருநாள் காலையில் கைபேசி முதல் தொடுகையிலேயே திறந்துகொண்டது. தழும்பு போய்விட்டது. அன்றைக்கு அது எனக்கு மகிழ்ச்சியாக இல்லை.

மறுபடி தொடங்கியபோது பத்து நாள் எரிவு, முதலாம் ஆண்டு மாணவியைப் போல. ஸ்வரங்கள் மறக்கவில்லை, தாளம் மறக்கவில்லை, விரல்தான் மறந்தது. ஆகவே நிறுத்திவைப்பது என்று முடிவு செய்கிறவர்கள், அது திரும்பிவர ஒரு விலை கேட்கும் என்று தெரிந்துகொண்டே செய்ய வேண்டும். அந்த விலையைக் குறைக்க வழி உண்டு. வாரத்துக்கு இரண்டு நாள் பத்து நிமிடம் சரளியை மட்டும் வாசித்தால் தோல் முழுவதும் இளகிவிடாது. நோயும் பிரசவமும் வேலை மாற்றமும் வரும்போது இதுவே போதும், அதற்குமேல் செய்யாததற்காக யாரும் வருந்த வேண்டியதில்லை.

முழுவதும் விட்டுவிடுவது ஐந்தாவது. இதை ஏன் எல்லோரும் தோல்வி என்கிறார்கள் என்று எனக்கு விளங்கவில்லை. எங்கள் வகுப்பில் ஒரு அக்கா மூன்றாம் ஆண்டில் விட்டார். வீணையை ஒரு மாணவிக்குக் கொடுத்துவிட்டார். இப்போது கச்சேரி கேட்கிறபோது எந்த இடத்தில் கம்பி இழுக்கப்படுகிறது, எந்த இடத்தில் தாளக் கம்பி விழுகிறது என்று பக்கத்தில் இருப்பவருக்குச் சொல்கிறார். (பக்கத்தில் இருப்பவர் அதை விரும்புகிறாரா என்பது வேறு விஷயம்.) வீணையை அலுமாரிக்கு மேல் வைத்துவிட்டு, விட்டுவிட்டேன் என்றும் சொல்லாமல் வாசிக்கிறேன் என்றும் சொல்லாமல் பத்து ஆண்டு இருப்பதைவிட அவர் செய்தது நேர்மை. விடுவதானால் வீணையைக் கொடுத்துவிட வேண்டும். வாசிக்காத வீணை எங்கள் உப்புக்காற்றில் வீட்டில் இருப்பதால் யாருக்கும் லாபமில்லை.

மிஞ்சியது ஆறாவது வழி. பரீட்சை இல்லாமல் தொடர்வது. இதன் ஆபத்து வெளிப்படை. யாரும் கேட்காத பாடத்தை மனிதர் செய்ய மாட்டார்கள். அதற்கு ஆசிரியையும் நானும் ஒரு ஒப்பந்தம் செய்துகொண்டோம். ஞாயிறு வகுப்புக்கு முன்னால் மூன்று மணிநேரம் அடித்துப்பிடித்து வாசிப்பதற்குப் பதிலாக, நாளுக்கு 25 நிமிடம், வாரத்தில் ஆறு நாள். கூட்டினால் இரண்டரை மணிநேரம்தான். நேரம் குறைவு, கைக்குப் பலன் அதிகம். ஏனென்றால் மூன்று மணிநேரத்தில் கடைசி ஒன்றரை மணிநேரம் நான் தவறுகளைத்தான் பழகிக்கொண்டிருந்தேன். வர்ணத்தின் சிட்டைஸ்வரப் பகுதியை முழுவதும் வாசிக்காமல், இடறுகிற ஒரு ஆவர்த்தனத்தை, அதாவது ஒரு தாளச் சுற்றை, மட்டும், முதலாம் காலத்துக்கும் இரண்டாம் காலத்துக்கும் இடைப்பட்ட வேகத்தில் வாசிக்கச் சொன்னார். இடைப்பட்ட வேகம் என்று ஒன்று இருக்கலாம் என்பதே எனக்கு ஐந்து ஆண்டு தோன்றவில்லை. பரீட்சையில் இரண்டு காலங்கள்தானே கேட்பார்கள்.

இன்னொன்றும் கற்றுத் தந்தார். சம்பந்தர் எங்கள் ஊர்க் கோணமாமலைக்குப் பாடிய பதிகத்தின் பண் புறநீர்மை. இன்றைய பூபாளத்தோடு அதை ஒப்பிடுவார்கள். ஐந்தே ஸ்வரம், வேகம் இல்லை, ஆனால் இழுப்புகளில் முழுக் கவனமும் வேண்டும். பரீட்சைக்குத் தயாராகிக்கொண்டிருந்தால் அதற்கு எனக்கு நேரம் இருந்திருக்காது. பிறந்தது முதல் கோணேசர் கோயில் இருக்கும் எங்கள் சுவாமிமலையில் கேட்டு வளர்ந்த பதிகத்தைச் சொந்தக் கையால் எடுத்தபோது, பாடத்திட்டத்தில் இல்லாத ஒன்றை வாசிக்கிறேன் என்ற கள்ளச் சந்தோஷமும் இருந்தது. விடிகாலை இராகத்தை இரவு ஒன்பதரைக்கு வாசிக்கிறாயே என்று மச்சாள் கேட்டாள். விடிகாலையில் நான் இடியப்பம் பிழிகிறேன் என்றேன்.

படிவத்தைப் பன்னிரண்டாம் நாள் நிரப்பாமலே திருப்பிக் கொடுத்தேன். ஆசிரியை அதை வாங்கி, பின்பக்கத்தில் அடுத்த வாரப் பாடத்தை எழுதி, என்னிடமே தந்தார்.

இரண்டாம் காலம் இன்னும் முழுமையாக வரவில்லை. பத்துத் தடவையில் நான்கு தடவை வருகிறது. சென்ற ஆண்டு ஒன்றுகூட வரவில்லை. நேற்று இரவு நாலாவது தடவை சரியாக வந்தபோது வாசலில் ஏதோ அசைந்தது. கோட்டைப் பக்கத்து மான் ஒன்று கேற்றடிக்கு வந்து, மதிலோரம் கொட்டியிருந்த மரக்கறித் தோலைத் தின்றுகொண்டிருந்தது. நான் நிறுத்தியதும் தலையைத் தூக்கிப் பார்த்தது, பிறகு தின்றது.

மாரி தொடங்க இன்னும் ஐந்து வாரம் இருக்கிறது. அதற்குள் கம்பி மாற்ற வேண்டும். மச்சாள் அடுத்த வாரம் கொழும்புக்குப் போகிறாள். அவளிடம் சீட்டில் எழுதிக் கொடுத்திருக்கிறேன்: சாரணி இரண்டு, பஞ்சமம் ஒன்று. வயலின் கம்பி என்று நினைத்து வாங்கிவந்துவிடாதே என்று கீழே கோடும் போட்டிருக்கிறேன்.